மல்லிகாவின் விலாவில் நான் எழுதிய சொல்

போன மாதம் எங்கள் துறை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கையடக்க ஸ்கேன் கருவியைப் பிடித்துக்கொண்டு ஓர் இளம் கால்நடை ஆய்வாளர் நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு மாடு. மாட்டுக்குப் பக்கத்தில் முகம் சுண்டிப்போன ஒரு விவசாயி. படத்தின் கீழே அந்தத் தம்பி இப்படி எழுதியிருந்தார்: "சினைன்னு அடிச்சுச் சொன்னார். ஸ்கிரீனைக் காட்டினேன். அப்புறம் வாயே திறக்கலை." அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் முப்பத்தொன்று. எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது என் பழக்கம்.

முப்பத்திரண்டாவது முகத்தை நான் போடவில்லை. "தம்பி, எனக்கும் இப்படி ஒரு வெற்றி ஒருமுறை கிடைத்தது. பத்து நாள்தான் தாங்கியது" என்று மட்டும் எழுதினேன். உடனே நாலைந்து பேர் முழுக் கதையும் வேண்டும் என்றார்கள். குழுவில் தட்டச்சு செய்ய என் கட்டைவிரலுக்குப் பொறுமை இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாட்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கிழமையும் நேரமும் சரியாக இருக்கும். ஆண்டை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இதில் வருகிறவர்கள் இன்றும் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாலைத்தான் நான் குடிக்கிறேன்.

துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காக ஒரு விளக்கம். ஊரில் எங்களை மாட்டு டாக்டர் என்பார்கள். டாக்டர் நாங்கள் அல்ல. டாக்டர் கம்பம் மாதிரி டவுனில் மருந்தகத்தில் இருப்பார். நாங்கள் ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போடுவோம், சினை ஊசி போடுவோம், போட்ட ஊசி பிடித்ததா என்று மூன்றாம் மாதம் சோதித்துச் சொல்வோம். சோதனை என்பது தோள்வரை வரும் கையுறையை மாட்டிக்கொண்டு, மாட்டின் பின்பக்கமாகக் கையை உள்ளே விட்டு, குடலின் சுவருக்கு அடியில் கருப்பையைத் தடவிப் பார்ப்பது. கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. பயிற்சியில் எங்களுக்கு இதைப் பழக்க, ஒரு சாக்குக்குள் எலுமிச்சை, கத்தரிக்காய், வாழைப்பூ எல்லாவற்றையும் போட்டுக் கட்டி, வெளியிலிருந்து தடவிச் சொல்லச் சொன்னார்கள். நான் பத்துக்குப் பத்துச் சொன்னேன். அன்றிலிருந்தே எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

நிமிர்ந்த தலைக்குள் நான் நிறையப் புத்தகங்களையும் போட்டுவிட்டேன். உடற்கூறு, மண்ணியல், நாட்டின் வரலாறு, ஊர்களின் வரலாறு, கையில் கிடைத்ததெல்லாம். படித்தவன் பேசாமல் இருந்தால் படித்தது வீண் என்று உண்மையிலேயே நம்பினேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, உறைவிந்துக் குச்சிகள் இருக்கும் திரவ நைட்ரஜன் கேனோடு பெரியகுளத்தில் பேருந்து ஏறினேன். கேனின் வாயிலிருந்து புகை வந்தது. நடத்துநர் இறங்கச் சொன்னார். நாம் மூச்சு விடும் காற்றிலேயே பெரும்பங்கு நைட்ரஜன்தான் என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். எவ்வளவு தூரம் விளக்கினேன் என்றால், அவர் என்னை இறக்கிவிட்டதையும் பேருந்து போய்விட்டதையும் கவனிக்காமல், நிறுத்தத்தில் நின்றிருந்த இரண்டு பேருக்கு மீதியைச் சொல்லி முடித்தேன்.

ஜெயமங்கலத்தில் ஒருவர் தன் ஆட்டுக்குக் குடற்புழு இல்லை என்றார். நான் ஆட்டுப் புழுக்கையைத் தாளில் வைத்துப் பிளந்து, புழுவைக் காட்டி, அவருடைய சம்பந்தி வீட்டார் முன்னால் அதன் வாழ்க்கைச் சக்கரத்தை முட்டையிலிருந்து சொன்னேன். அன்று நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த நான்கு ஆண்டுகளில் அந்தத் தெருவிலிருந்து ஒரு ஆடுகூட என்னிடம் வரவில்லை. ஆடுகள் எல்லாம் ஆட்டோ பிடித்துப் பெரியகுளம் போயின.

இதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஊர் மாறினேன். கடைசியில் சுருளிப்பட்டிப் பக்கம் வந்து சேர்ந்தேன்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக வந்த டாக்டர், என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவர். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். முதல் நாளே என்னை "அண்ணே" என்று கூப்பிட்டார். எனக்கு அது மரியாதையா, இளக்காரமா என்று இரண்டு நாள் யோசித்து, மரியாதை என்று நாட்குறிப்பில் பதிந்தேன்.

அவர் வேலை செய்யும் முறை எனக்கு எரிச்சலூட்டியது. மாட்டைத் தொடுவதற்கு முன் மாட்டுக்காரரிடம் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார். கேட்பதோடு விட்டாலும் பரவாயில்லை. சொன்னதை ஒரு குட்டி நோட்டில் எழுதுவார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மாட்டுக்காரர் கையிலேயே கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். வெந்நீர் கேட்பார். கையுறை, சோப்பு, அதன்பின் கை. கை உள்ளே போன நொடியில் வாய் மூடிவிடும். யார் என்ன கேட்டாலும் வெளியில் இருக்கும் கையின் ஒரு விரலை மட்டும் தூக்குவார். எனக்கும் அந்த விதியைச் சொன்னார். "கை உள்ள இருக்கும்போது நாம பேசினா, விரல் கேட்கிறதை நிறுத்திடும்ணே." இது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். எதிலும் இல்லை என்று உடனே ஒப்புக்கொண்டார். எனக்கு அது ஒரு வெற்றியாகவே பட்டது.

அவரோடு யாராவது மாறுபட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்: "அப்படியும் இருக்கலாம், பார்த்துடுவோம்." இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அரசாங்க உத்தியோகம் பார்க்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

இனி மல்லிகா.

மல்லிகா, சுருளிப்பட்டி பேச்சியம்மாளின் மாடு. வெள்ளையில் கறுப்புத் திட்டு போட்ட கலப்பினம். ஒரு வருடத்துக்கு மேலாகச் சினை பிடிக்காமல் பால் வற்றி நின்றது. பேச்சியம்மாளின் கணவர் முருகேசன் அதைத் தள்ளிவிட்டு வேறு மாடு வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மலடு என்று விற்கும் மாடு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்கு, கறிக்குப் போகும். அங்கன போன மாடு திரும்பி வந்ததாக எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பேச்சியம்மாள் விடவில்லை. சினை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடுவோம், இல்லை என்றால் விற்றுவிடலாம் என்று இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சொல்ல வேண்டியவன் நான்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து. பால் சொசைட்டி வாசலில் கேன்களோடு ஒரு கூட்டம். பக்கத்தில் டீக்கடை. நான் கையுறையை மாட்டினேன். என் பதிவேட்டின்படி ஆடிக் கடைசியில் நான் மல்லிகாவுக்குச் சினை ஊசி போட்டிருந்தேன். முருகேசன்தான் ஓட்டி வந்தார். பேச்சியம்மாள் அப்போது தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். ஆக, சினை இருந்தால் மூன்று மாதம் இருக்க வேண்டும். கை உள்ளே போயிற்று.

பேச்சியம்மாள் மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்தபடி, அவசரமில்லாமல், மாடு சினைதான், அஞ்சு மாசம் என்றார்.

நான் மாட்டுக்குள் கையை வைத்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன். பதிவேட்டில் மூன்று மாதம்தான் இருக்கிறது, ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வைகாசிக் கடைசியில், வாய்க்காலில் தண்ணி தொறந்த வாரம், மல்லிகாவை மலை அடிவாரத்தில் மேய விட்டதாகவும், அங்கன மலைமாட்டு மந்தை ஒன்று கிடந்ததாகவும், அந்த மந்தையில் ஒரு காளை இருந்ததாகவும் அவர் சொன்னார்.

"ஏட்டுல அப்படி ஒண்ணும் இல்லியே" என்றேன்.

"ஒங்க ஏட்டுல நீங்க வந்த நாளுதான சார் இருக்கும். மாடு போன நாளு எப்படி இருக்கும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. குரலை உயர்த்தினேன். கருப்பைக்கு இரண்டு கொம்பு உண்டு என்பதில் தொடங்கினேன். சினை பிடித்தால் ஒரு கொம்பு பருக்கும், இங்கே கொம்பே கைக்கு அகப்படவில்லை, அகப்பட எதுவும் இல்லை என்றேன். நடுவில் மல்லிகா வாலைத் தூக்கிச் சாணம் போட்டது. அதில் பாதி என் கையுறையின் மேல்வாய் வழியாகச் சட்டைக்குள் போயிற்று. நான் நிறுத்தவில்லை. சட்டைக்குள் சாணத்தோடு ஒருவன் உடற்கூறு சொல்வதைச் சுருளிப்பட்டி அதற்கு முன் கேட்டிருக்காது. கையை எடுத்த பிறகு, சொசைட்டியின் கரும்பலகையில் அன்றைய பால் கொழுப்பு அளவுகளை அழித்துவிட்டு, கருப்பையைப் படமாகப் போட்டேன். செயலாளர் அதற்காக என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

பேச்சியம்மாள் படத்தைப் பார்த்தார். நல்லா வரைஞ்சிருக்கீக என்றார். ஆனாலும் மல்லிகா சினைதான் என்றார்.

"நான் எத்தனை ஆயிரம் மாட்டைப் பார்த்திருக்கேன், தெரியுமாம்மா?"

"நான் இந்த ஒண்ணத்தான் சார் பாத்திருக்கேன். ஆனா தெனமும் பாக்கேன்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்.

என் பெட்டியில் சிவப்புப் பெயிண்ட் இருந்தது. கோமாரித் தடுப்பூசி முகாமில், ஊசி போட்ட மாட்டுக்கு மறுபடி போட்டுவிடாமல் இருக்கக் கொம்பில் ஒரு பொட்டு வைப்போம்; அதில் மிச்சம். தூரிகையும் இருந்தது. நான் மூடியைத் திறந்து, மல்லிகாவின் இடது விலாவில், அது வெள்ளையாக இருந்த இடமாகப் பார்த்து, ஒரு முழ உயரத்துக்கு "இல்லை" என்று எழுதினேன். அதோடு விடவில்லை. சினை இல்லை, இல்லை, இல்லை என்று மூன்று முறை கத்தினேன். டீக்கடையில் வடையை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எழுதிட்டீகளா?" என்று பேச்சியம்மாள் கேட்டார்.

"எழுதிட்டேன்."

"காயட்டும்."

பெயிண்ட் காயும்வரை நின்றார். கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். அன்றைய நாட்குறிப்பில் "உண்மையை உரக்கச் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை இன்றும் அடிக்கவில்லை. நடந்ததை அடிக்கக் கூடாது.

அடுத்த நாட்களில் மல்லிகா புகழ் பெற்றது. தண்ணீர் குடிக்கப் போகும்போதும் வரும்போதும் ஊரே அதன் விலாவை வாசித்தது. ஐந்தாம் நாள் மழையில் எழுத்து கொஞ்சம் மங்கியதும், டீக்கடைக்காரர் தன் கடைப் பலகைக்கு வாங்கி வைத்திருந்த பெயிண்டால் அதைப் புதுப்பித்தாராம். பேச்சியம்மாள் தடுக்கவில்லையாம். "சர்க்கார் எழுத்து, இருந்துட்டுப் போகுது" என்றாராம். இது எனக்குப் பாராட்டாகவே காதில் விழுந்தது.

ஆனால் முருகேசனுக்கு அந்த எழுத்து விளம்பரப் பலகை ஆயிற்று. கம்பத்து மாட்டு வியாபாரி ராசு அடுத்த வார வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை பேச்சியம்மாள் கம்பத்துக்கு மினி பஸ் ஏறினார். மருந்தகத்தில் அன்று நானும் இருந்தேன். தடுப்பூசிக் கணக்கு கொடுக்கப் போயிருந்தேன். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு டாக்டரிடம் போய், நாளைக்கு மாட்டை ஏத்திருவாக, அதுக்கு முன்னாடி நீங்க ஒருக்கா வந்து பாக்கணும் என்றார். என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"அந்தச் சார் ரொம்பப் படிச்சவுக டாக்டரம்மா. மாடு படிக்கல, அதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. குட்டி நோட்டை எடுத்து, தண்ணி திறந்த வாரம் என்று எழுதிக்கொண்டார். என்னிடம், "அண்ணே, நாளைக்கு சுருளிப்பட்டி போறேன். நீங்களும் வந்தா நல்லாருக்கும்" என்றார். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னேன். "கொண்டு வாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். டீக்கடைக்கு மூன்றாவது வீடு பேச்சியம்மாளுடையது. வாசலில் மினி லாரி நின்றது. அதில் ஏற்கெனவே இரண்டு மாடுகள். ராசு பாதி நாள் குமுளியில் இருப்பவர், பேச்சில் இரண்டு சொல் மலையாளம் கலக்கும். புதுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். முருகேசன் பலகையைச் சாய்த்து மாடு ஏறத் தோதாக வைத்திருந்தார். பேச்சியம்மாள் மல்லிகாவின் கழுத்தைச் சேர்த்துப் பிடித்திருந்தார். விலாவில் என் எழுத்து புது மெருகோடு இருந்தது. டாக்டர் அதை ஒருமுறை வாசித்தார்.

கடிகாரத்தைக் கழற்றிப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தார். வெந்நீர். கையுறை. சோப்பு. கை. முருகேசன் ஏதோ சொல்லத் தொடங்கினார், விரல் உயர்ந்தது, நிறுத்திக்கொண்டார். அப்புறம் லாரியில் நின்ற மாடுகள் அசை போடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்துத் தயாராக நின்றேன்.

கையை எடுத்ததும் அவர் என்ன கண்டார் என்று சொல்லவில்லை. "அண்ணே, ஒரு இடம் எனக்குப் பிடிபடலை. நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

அவருக்கு எல்லாம் பிடிபட்டிருந்தது என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். அப்போது, நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன் என்று பதிவேட்டை நீட்டினேன்.

"எனக்காகண்ணே."

கையை விட்டேன். பழைய இடத்திலேயே தேடினேன். பழையபடியே ஒன்றும் இல்லை. பார்த்தீர்களா என்று சொல்லத் திரும்பினேன். "அண்ணே" என்றார், அவ்வளவுதான். வாயை மூடினேன். "இன்னும் முன்னாடி. கீழ. பக்கவாட்டுச் சுவர்ல ஒரு ரத்தக்குழாய் இருக்கும்."

பேசாமல் தேடியபோது அது அகப்பட்டது. பென்சில் கனத்தில் ஒரு குழாய். அழுத்தியதும் அதற்குள் ஒரு தேனீ அடைபட்டது போல ரீங்காரம் விரலில் ஏறியது. சினை இல்லாத மாட்டில் அந்த ரீங்காரம் இருக்காது. கையை இன்னும் நீட்டினேன். மாதம் ஏற ஏறக் கருப்பை கனத்து, இடுப்பெலும்பைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கிவிடும். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் மாதத்துக்குரிய இடத்தில் நான் தேடியது ஐந்தாம் மாதத்துக்குரிய இடத்தில் இருந்தது. விரல் நுனியில் ஏதோ தட்டியது. விலகிப் போயிற்று. நீர்த்தொட்டிக்குள் மிதக்கும் தேங்காயை அமுக்கினால் போய்விட்டு வருமே, அப்படித் திரும்பி வந்து என் விரலில் மோதியது.

அது மட்டுமல்ல. ஆடியில் நான் ஊசி போட்டபோதே அது உள்ளே இருந்திருக்கிறது. சினை மாட்டுக்கே சினை ஊசி போட்டிருக்கிறேன். கலையாமல் இருந்தது மல்லிகாவின் பெருந்தன்மை.

இந்த இடத்தில் நான் நேர்மையாக இருக்க வேண்டும். கன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஏறத்தாழ இரண்டு நிமிடம், கையை எடுக்காமல் நான் யோசித்தது கன்றைப் பற்றி அல்ல. மூன்று மாதச் சினை இல்லை என்றுதானே நான் சொன்னேன், அது இன்றும் உண்மைதானே என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். நல்ல வாக்கியம். இலக்கணம் சுத்தம்.

ராசு கயிற்றைத் தோளிலிருந்து எடுத்தார். "என்ன சார், ஏத்தலாமா?" என்று முருகேசன் கேட்டார்.

பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரின் கடிகாரத்தை இறுக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றக் கை மல்லிகாவின் கழுத்தை இன்னும் விடவில்லை. அன்று பெயிண்ட் காயும்வரை நின்றவர் இவர்தானா என்று இருந்தது.

"சினைதான்" என்றேன். என் நெஞ்சுப் பையில் இருந்த பேனாவுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"என்ன சொன்னாக?" என்றார் ராசு.

"சினை. அஞ்சு மாசம். நான் சொன்னது தப்பு." இரண்டாவது முறையும் ஏறக்குறைய அதே சத்தம்தான்.

பேச்சியம்மாள் இப்போது நிமிர்ந்து பார்த்தார். "சார், அன்னைக்கு டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. ஊரே கேட்டு, ஊரே சிரிச்சுச்சு. இதையும் அந்தச் சத்தத்துலயே சொல்லிருங்க. அப்பத்தான் நாளைக்கு வேற ஆளு கயித்தோட வர மாட்டாக."

டாக்டர் வானத்தைப் பார்த்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூச்சை இழுத்து, சினை, சினை, சினை என்று கத்தினேன். கை இன்னும் உள்ளேதான் இருந்தது. மல்லிகா மிரண்டு ஓடத் தொடங்கியது. நானும் அதன் பின்னால், அதனுடன், வேறு முறையில் போக முடியாத நிலையில், வாசலை ஒரு சுற்றுச் சுற்றினேன். சுற்றிக்கொண்டே நான் சொன்னது தப்பு என்பதையும் கத்தி முடித்தேன்.

"மதி சார், மதி" என்றார் ராசு, போதும் என்று கையைக் காட்டி.

டீக்கடையிலிருந்து ஒரு குரல், "கேட்டுச்சு சார்" என்றது.

முருகேசன் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தார். பேச்சியம்மாள் கடிகாரத்தைச் சேலையில் துடைத்து டாக்டரிடம் கொடுத்துவிட்டு, மாட்டைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார். எனக்கு ஒரு வாளி வெந்நீர் வந்தது. டாக்டர் என் தவறைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதன்பின் நான் ஓய்வு பெறும்வரையும் பேசவில்லை. குட்டி நோட்டில் மட்டும் ஏதோ ஒரு குறி போட்டார்.

நான் கை கழுவி முடித்தபோது ராசு பக்கத்தில் வந்து நின்றார். ஊருக்கு முன்னால் கேட்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, குரலை நன்றாக இறக்கிக்கொண்டு கேட்டார்.

"சார், வண்டில இன்னும் ரெண்டு நிக்குது. மார்க்கையன்கோட்டை முகாம்ல பாத்து நீங்க இல்லைன்னு சொன்னதுக. மலை ஏறுறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துச் சொல்லிருங்களேன். சினை மாட்ட ஏத்திட்டுப் போனேன்னு தெரிஞ்சா எனக்கு வீட்ல சோறு கெடைக்காது."

புதுக் கையுறையை எடுத்தேன். லாரியில் ஏறினேன். அந்த முகாமில் மாட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. தீவனத்தைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. ராசுவிடம் கேட்டேன்.

"செவலை மாட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல. கறுப்பு மாட்டுக்காரரு சினைன்னுதான் சொன்னாராம். நீங்க பேச விடலையாம்."

செவலை மாட்டில் ஒன்றும் இல்லை. கறுப்பு மாட்டில் கையை வைத்து, வாயை மூடிக்கொண்டு நின்றேன். நாலு மாதம். இறங்கி, ராசுவிடம் சொன்னேன். டாக்டரிடம் சொன்னேன். இந்த முறை யாரும் சத்தம் போடச் சொல்லவில்லை.

வாங்குன ரூவாயக் கொடுத்துட்டு அவுக மாட்ட அவுக வச்சுக்கிரட்டும் என்று ராசு வண்டியைத் திருப்பினார். ஆனால் போய்ச் சொல்ல வேண்டியவுக நீங்க என்றார். டாக்டரும் "போயிட்டு வாங்கண்ணே" என்றுதான் சொன்னார். முன்னால் இடம் இருந்தும் நான் பின்னால் மாடுகளோடு நின்றுகொண்டேன். உத்தமபாளையம் வரைக்கும் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தேன்: அண்ணே, நான் சொன்னது தப்பு. போதவில்லை. சின்னமனூரில் வண்டி நின்றபோது கொஞ்சம் உரக்கச் சொன்னேன். பக்கத்தில் பைக்கில் நின்ற ஒருவர் "பரவால்ல சார், விடுங்க" என்றார்.

மார்க்கையன்கோட்டையில் கறுப்பு மாட்டுக்காரர் வீட்டு வாசலில் இறங்கியபோது பகல் பன்னிரண்டு ஐம்பது. அவர் லாரியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாடு சினை, நான் சொன்னது தப்பு என்று நடுத்தரமான சத்தத்தில் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, முகாமில் நான் பேச விடாத முழுவதையும் பேசத் தொடங்கினார். மாட்டின் அம்மாவிலிருந்து ஆரம்பித்தார். ஒன்று நாற்பதுக்கு முடித்தார். நடுவில் மூன்று இடங்களில் தகவல் பிழை இருந்தது. அவற்றை அன்றைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.